தீரே என்றால் சொல்வது

– திரும்பச் சொல்லு. ‘தீரே.’ இத்தாலி பாஷையில சொல்றதுங்கிற வினை. அடங்காத கழுதை அது, ஆளுக்கு ஒரு முகம் காட்டும். இறந்த காலத்துல சொல்லு பார்ப்போம்.

– திஸ்ஸி, நான் சொன்னேன். திச்செஸ்தி, நீ சொன்னே. திஸ்ஸே, அவன் சொன்னான்.

– ஏன் நிறுத்திட்டே?

– அவன் சொன்னான்ங்கிற இடத்துல எனக்கு எப்பவும் கொஞ்சம் தட்டும் சார். திச்செம்மோ, திச்செஸ்தே, திஸ்ஸெரோ.

– ம். பத்து மாசத்துல இவ்வளவு தூரம் வந்த ஆள் என்கிட்ட யாருமில்ல. செருப்புக் கம்பெனியில பசை தடவுறவள்னு சொன்னா நம்பமாட்டாங்க. நாளைக்கு விசாரணை ஆபீசுக்குப் போறப்ப அந்த விரலை மட்டும் நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டுப் போ. மொழிபெயர்ப்பாளர்னா பார்த்ததும் ஒரு மதிப்பு வரணும். அவ்ளோதான் விஷயம்.

– தேய்ச்சாப் போகாது சார், தோலோட வந்தாத்தான் உண்டு. அடுத்து ‘மொரீரே’ சொல்லட்டுமா?

– சாகுறதா? அது எதுக்கு இப்போ?

– அதுவும் அடங்காத வினைதானே. முவோயோ, நான் சாகிறேன். முவோரி, நீ சாகிறே.

– விடும்மா. அது தேவைப்படாது.

– செத்தவன் கேசு சார். அது இல்லாம எப்படி?

– செத்ததைப் பத்தி யாரும் சண்டை போடல. ஏன் செத்தான்ங்கிறதுதான் பேச்சு. இத்தாலிக்கார இன்ஜினியர் சொல்றதை நீ ஆபீசருக்குத் தமிழ்ல சொல்லணும், ஆபீசர் கேக்குறதை அவருக்குச் சொல்லணும். நான் செய்யவேண்டிய வேலை. என் பேரு சாட்சிப் பட்டியல்ல இருக்கிறதால நான் செய்யக்கூடாதாம். வேற யாருக்குத் தெரியும்னு கேட்டாங்க. உன் பேரைக் கொடுத்தேன். ‘என் மாணவி, பொய் பேசத் தெரியாதவள், இவள் சொல்வதை அப்படியே நம்பலாம்’னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன்.

– பெரிய உபகாரம் சார்.

– அந்த உபகாரத்துக்கு நான் ஒண்ணு திருப்பிக் கேக்கப்போறேன். கதவைச் சாத்து. கீழ தையல்காரன் மிஷினை நிறுத்திட்டான், இனி இங்க இருமினா அவனுக்குக் கேக்கும்.

– சாத்திட்டேன். சொல்லுங்க.

– மூணு வருஷம் முன்னாடி நடந்தது. கல் அறுக்குற ஃபேக்டரியில கிரேன்ல தொங்கின பாளம் ரோப்பு அறுந்து விழுந்துச்சு. கீழ நின்னு தள்ளிக் கொடுத்துக்கிட்டிருந்தவன் மேல. குடிச்சிருந்தான், ஒதுங்கி நிக்கலைன்னு எழுதி அப்பவே மூடிட்டாங்க. இப்ப எவனோ இன்ஜினியருக்கு அவர் பாஷையிலயே கடுதாசி எழுதிக் கிளறிவிட்டிருக்கான். அந்த மனுஷன் சொந்தச் செலவுல பிளேன் ஏறி வர்றார்.

– குடிச்சிருந்தான்னு யார் சொன்னது?

– அப்ப கேட்டாங்க. நான்தான், வாடை வந்த மாதிரி இருந்துச்சுன்னு சொன்னேன்.

– வந்துச்சா?

– அதை விடு. நாளைக்கு இன்ஜினியர் ஒரு வாக்கியம் சொல்லுவார். ‘இந்த ஆள் அன்னைக்கு என்கிட்ட இப்படிச் சொன்னார்’னு. அந்த ஒண்ணை மட்டும் கொஞ்சம் மழுப்பிடு. ‘சரியா ஞாபகமில்லைங்கிறார்’னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடு. ஆபீசருக்கா அந்த பாஷை தெரியும்?

– எதை மழுப்புறதுன்னு தெரியாம எப்படி சார் மழுப்புறது? அவர் வேகமாப் பேசினா, விடவேண்டியதைச் சொல்லிட்டு சொல்லவேண்டியதை விட்டுருவேன். முழுசாச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்.

– எழுதாதே.

– சரி, பேனாவை மூடிட்டேன்.

– ‘வுவோலே அந்தாரே அ காசா.’ இதைத்தான் சொன்னேன்.

– வீட்டுக்குப் போகணுங்கிறான்.

– ஆமா.

– அவன் என்ன சொன்னான்?

– ரோப்புல ஒரு பிரி விட்டிருக்கு, கல்லை இறக்கச் சொல்லுங்கண்ணே, அப்படின்னான். புது மிஷின் மாட்டின நாள் அது. இன்ஜினியர் சொல்லாம ஒரு ஸ்விட்சைக்கூட யாரும் தொடக்கூடாதுன்னு மேலேருந்து உத்தரவு. அதான் என்கிட்ட வந்தான்.

– அறுப்புச் சத்தத்துல உங்க காதுல சரியா விழலையோ என்னவோ.

– விழுந்துச்சு. மிஷின் அப்ப ஓடல. தெளிவா ரெண்டு தரம் சொன்னான்.

– அப்புறம் ஏன் சார்?

– ரோப்புக்கு அந்த பாஷையில பேர் தெரியும். பிரிக்குத் தெரியல. அவ்ளோதான் விஷயம்.

– அவ்ளோதானா?

– உனக்குப் புரியாதும்மா. நானும் அதே ஃபேக்டரியில பதினோரு வருஷம் கல்லுத் தூக்கினவன். தோள்பட்டையில இன்னும் தழும்பு இருக்கு. சோத்து வேளையில பாறை மறைவுல உக்காந்து, கிழிஞ்ச புத்தகத்தைப் பார்த்து இந்த வினையெல்லாம் மனப்பாடம் பண்ணினேன். மொழிபெயர்ப்பாளரா வெள்ளைச் சட்டை போட்டு அன்னைக்கு நாலாவது நாள். இன்ஜினியர் திரும்பி, ‘என்ன சொல்றான்?’னு கேக்கிறார். பக்கத்துல முதலாளி நிக்கிறார். முழிச்சேன்னா மறுநாள் கல்லுக்கே அனுப்பிருவாங்க. நான் தப்பில்லாம சொல்லக்கூடியது எதுவோ அது வாயில வந்துருச்சு.

– கையை நீட்டி மேல காட்டியிருக்கலாமே சார். விரலுக்கு எந்த வினை தெரியணும்?

– அப்பத் தோணல.

– அப்புறம்?

– அப்புறம் என்ன, இன்ஜினியர் சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னார்.

– ‘ஃபினீஸ்கா எ போய் வாதா.’ முடிக்கட்டும், அப்புறம் போகட்டும்.

– ஆமா, அதேதான். உனக்கு… நான் இதை இன்னும் உன்கிட்டச் சொல்லலையே.

– அந்த ‘வாதா’தான் சார் என்னை எட்டு மாசம் அலைய விட்டுச்சு. போறதுங்கிற வினையில எங்க தேடினாலும் அது கிடைக்கல. ஒன்பதாவது மாசம் நீங்க கட்டளை, விருப்பமெல்லாம் சொல்லிக் கொடுத்தப்பதான் போர்டுல வந்துச்சு. அன்னைக்குத் தலைவலின்னு பாதியில எந்திரிச்சுப் போனேனே, ஞாபகம் இருக்கா?

– யாரு நீ?

– புது மிஷின் மாட்டுறதை ஒரு லோடுமேன் செல்போன்ல படம் பிடிச்சிருந்தான். பயந்துபோய் ரெண்டு வருஷம் வச்சிருந்துட்டு என்கிட்டக் கொடுத்தான். நாப்பது செகண்டு. அதுல உங்க முதுகு தெரியும், இன்ஜினியர் வாய் தெரியும், அவன் முகம் தெரியும். அவன் பேசுறது, படம் பிடிச்சவன் பக்கத்துல ஓடின ஜெனரேட்டர்ல அமுங்கிப்போச்சு. நீங்க ரெண்டு பேரும் உரக்கப் பேசினது தெளிவாக் கேட்டுச்சு, ஆனா ஒரு எழுத்து புரியல. இந்த பாஷை சொல்லித்தர ஊர்ல ஒரே ஒரு ஆள்தான். அவர்கிட்டயே வந்து சேர்ந்தேன்.

– அவன் உனக்கு என்ன வேணும்?

– தம்பி சார். எனக்கு அடுத்துப் பொறந்தவன். இருமலுக்கு டானிக் கொடுத்தாக்கூட வாடை பிடிக்கலைன்னு துப்பிருவான். அவன் மகளை ஸ்கூல்ல குடிகாரன் பொண்ணுன்னு கூப்பிடுதுங்க. அந்தப் பிள்ளைக்கு அப்பா முகம் ஞாபகமில்ல, அந்தப் பேரு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

– அம்மா, நான் வேணும்னு செய்யல. ஒரு தடுமாற்றம்.

– ஒண்ணு தடுமாற்றம். சரி, வச்சுக்குவோம். இன்ஜினியர் பதில் சொன்னதும் அவன்கிட்டத் திரும்பி என்ன சொன்னீங்க? வீடியோ அங்க அறுந்து போகுது.

– கேக்காதே.

– கேக்கத்தான் வந்தேன். பத்து மாசம் நீங்க கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொன்னேன்ல.

– ‘சார் பார்த்துட்டாராம், ஒண்ணும் ஆகாதாம், நீ போய் நில்லு’ன்னேன்.

– போய் நின்னான்.

– நின்னான்.

– இப்ப நீங்க பாடம் சொல்லுங்க, நான் திருத்துறேன். ‘சொல்லியிருந்தா.’ நடக்காமப் போனதுக்குன்னு ஒரு காலம் வச்சிருக்காங்களே, அதுல.

– வேண்டாம்மா.

– சொல்லுங்க சார். வாய்தானே உங்க தொழிலு.

– செ… செ அவெஸ்ஸி தெத்தோ லா வெரித்தா.

– நான் உண்மையைச் சொல்லியிருந்தா. மீதி?

– சரெப்பே வீவோ.

– அவன் உயிரோட இருந்திருப்பான். தப்பே இல்ல. நல்லாப் படிச்சிருக்கீங்க. இதையே இன்னொரு தரம் சொல்லுங்க.

– போதும். என்னை என்ன பண்ணணுங்கிறே நீ? கூடப் பொறந்தவ மொழிபெயர்க்க முடியாது, அது தெரியுமா? இப்பவே ஆபீசருக்கு போன் போட்டு, இவ செத்தவனோட அக்கா, என்னை ஏமாத்திப் பேரு வாங்கிட்டாள்னு சொல்றேன். நாளைக்கு வாசல்லயே நிறுத்திருவாங்க.

– போடுங்க. நம்பர் தெரியலைன்னா நான் தர்றேன். நேத்துக் காலையிலேயே அவர் முன்னாடி நின்னு, நான் அவன் அக்கா, இந்த வேலை எனக்கு ஆகாதுன்னு சொல்லிட்டு, வீடியோவையும் கொடுத்துட்டுத்தான் வந்தேன். வெளியூர்லேர்ந்து ஒரு பெரியவரைக் கூப்பிட்டிருக்காங்க. இத்தாலிக் கப்பல்ல வேலை பார்த்தவராம். பிரிக்கு என்ன பேருன்னு போன்லயே கேட்டேன், பட்டுன்னு சொன்னார்.

– நேத்தேவா? அப்ப இன்னைக்கு எதுக்கு வந்தே?

– வீடியோவுல நீங்க பேசினது இருக்கு சார். அவன் என்ன சொன்னான்ங்கிறது இல்ல. ‘அவன் வீட்டுக்குப் போகணும்னுதான் சொன்னான், நான் அதைத்தான் சொன்னேன்’னு ஒரு வரியில கையைத் துடைச்சிருப்பீங்க. அதைத் தடுக்க என்கிட்ட வழியில்லாம இருந்துச்சு.

– இப்பவும் இல்ல. இந்த ரூம்ல நாம ரெண்டு பேர்தான். நான் எதுவுமே சொல்லலைன்னு சாதிப்பேன். பசைக்காரி பேச்சை எவன் நம்புவான்?

– நம்பலாம்னு நீங்கதான் எழுதிக் கொடுத்திருக்கீங்க. தாளு ஆபீசர் ஃபைல்ல இருக்கு. வேலைதான் வேண்டாம்னேன், அந்தத் தாளைத் திருப்பிக் கேக்கல.

– வராதேம்மா நாளைக்கு. உன் கால்ல விழுறேன். அந்த ஆபீசு பக்கமே வராதே.

– எந்திரிங்க சார், தரையெல்லாம் சாக்பீஸ் தூசி. மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில பெரியவர் உக்காருவார். என்னைச் சாட்சிப் பட்டியல்ல உங்க பேருக்குக் கீழ எழுதியிருக்காங்க. நீங்க பேசி முடிச்சதும் என்னைக் கூப்பிடுவாங்க.