வரப்பைத் தாண்டிய சுண்ணாம்புக் கோடு

என் பெயர் பொன்செல்வி, வயது 31, த/பெ சங்கரநாராயணன். புளியங்குடியில் குடியிருக்கிறேன். தொல்லியல் படித்தவள். கரிவலம்வந்தநல்லூருக்கு மேற்கே ஒரு சோலார் கம்பெனி குத்தகைக்கு எடுத்திருக்கும் புஞ்சையில், மண் தோண்டும்போது பழம்பொருள் ஏதும் உடைந்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது என் வேலை. வெட்டுக்காயம் பட்ட கோமதிநாயகம் அந்தப் புஞ்சையின் சொந்தக்காரர். வரப்புக்கு அந்தப் பக்கம் உள்ள புஞ்சைக்காடு அவருடைய தம்பி பேச்சிராஜுக்கு உரியது. பேச்சிராஜ் தன் பங்கைக் குத்தகைக்கு விட மறுத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். உதட்டில் தையல் போட்டிருப்பதால் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். சுயநினைவோடுதான் சொல்கிறேன்.

நேற்றுக் காலை வரப்பை ஒட்டி ஜேசிபி தோண்டிக்கொண்டிருந்தபோது, அதை ஓட்டிய நியாஸ் அகமது வண்டியை நிறுத்தி, "மேடம், பானை மாதிரி தட்டுது" என்றார். நான் குழியில் இறங்கிக் கையால் மண்ணை விலக்கியதில், அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழி ஒன்றின் வாய் தெரிந்தது. அதன் பிறகு சுற்றிப் பார்த்தபோது, வரப்புக்கு அந்தப் பக்கமும் இன்னொரு தாழியின் விளிம்பு தலைகாட்டிக்கொண்டிருந்தது. இப்படிக் கிடைத்தால் மூலைக்கு மூலை முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டு, அதற்குள் மெஷினை விடாமல் தடுப்பது எங்கள் வழக்கம். பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்க வேண்டுமே என்று கோமதிநாயகத்திடம் சொன்னேன். "எம்மா, எந்தம்பி காடுதான். நான் சொல்லிக்கிடுதேன், நீங்க கோட்டப் போடுங்க" என்றார். அவர் சொல்லவில்லை. வீறாப்புப் பிடித்த மனிதர், தம்பியிடம் முதலில் வாய் திறப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நானும் நம்பி, கோட்டை வரப்பின்மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினேன்.

அதன் பிறகு பேச்சிராஜ், வேலிக்கருவை வெட்டிக்கொண்டிருந்த அரிவாளோடு வந்தார். தன் காட்டுக்குள் கிடந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார், குழியைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் நிலத்தை அளக்க வரும் சர்வேயர் போடுவதும் இதே முளைக்குச்சி, இதே சுண்ணாம்புதான். பேச்சிராஜ் ஒரு குச்சியைப் பிடுங்கினார். அப்போதாவது நான் தாழி கிடக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். குச்சி நகர்ந்தால் வேலை கெட்டுவிடுமே என்ற பதற்றத்தில், "அண்ணாச்சி, பிடுங்காதீய, அளந்து போட்டிருக்கு" என்று கத்தினேன். அந்தக் குச்சியாலேயே என் வாயில் அடித்தார். உதடு கிழிந்து முன்பல் ஒன்று தெறித்தது.

"ஏலே, பொம்பளப் பிள்ளைய அடிக்கியா?" என்று கோமதிநாயகம் ஓடிவந்தார். பேச்சிராஜ், "சர்வேயரக் கூட்டியாந்து என் காட்டயும் சேத்து வளைக்கப் பாக்கியோ?" என்று அரிவாளை ஓங்கினார். தடுத்த கையில் முதல் வெட்டு விழுந்தது. விரல்கள் சுண்ணாம்பில் கிடந்தன. அடுத்த வெட்டு தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இறங்கியது. எலும்பில் மாட்டிய அரிவாளை, அண்ணன் நெஞ்சில் காலை ஊன்றி இழுத்தார். கோமதிநாயகம் மல்லாக்கக் குழிக்குள் விழுந்தார், தாழி அவருக்கு அடியில் நொறுங்கியது. அதன் பிறகு நியாஸ் அகமது வண்டியிலிருந்து குதித்து, கடப்பாரையால் பேச்சிராஜின் மணிக்கட்டில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

பின்பு நான் குழிக்குள் இறங்கி, துப்பட்டாவைச் சுருட்டி வெட்டுவாயில் அழுத்தினேன். ரத்தம் விரலிடுக்கில் சூடாக வந்துகொண்டேயிருந்தது. குழியோரத்தில் நின்ற பேச்சிராஜ், "சர்வேயர் எங்கன?" என்று கேட்டார். "சர்வேயர் யாரும் வரல. இந்தப் பானைக்குத்தான் கோடு" என்றேன். அவர் உடைந்த தாழியையும், அந்த ஓடுகளின் மேல் கிடந்த அண்ணனையும் பார்த்தார். "ஏண்ணே, ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?" என்று கேட்டுக்கொண்டே, முறிந்த கையோடு இறங்கி, தலைத்துண்டை என் துப்பட்டாவுக்கு மேல் வைத்து அழுத்தினார். எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் தள்ளிவிடவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை இருவரும் சேர்ந்தே அழுத்திக்கொண்டிருந்தோம்.

கோடு வரப்பைத் தாண்டவில்லை என்று சொல்லும்படி கம்பெனி சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார். தாண்டியது. போட்டது நான். பேச்சிராஜ் வெட்டியது உண்மை. நிலம் பறிபோகிறது என்று நினைத்து வெட்டினார் என்பதும் உண்மை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத வேண்டாம்.

இதைத் தலைமைக் காவலர் எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு, முதல் பத்தியில் 'வெட்டுக்காயம் பட்ட' என்று இருந்ததை அடித்து 'இறந்துபோன' என்று எழுதினார். அந்தத் திருத்தம் உட்பட, இதில் உள்ளது முழுவதும் நான் கண்டதும் சொன்னதுமே. திருத்தத்தின் ஓரத்திலும் இங்கும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) பொன்செல்வி