உபுண்டுக் கடையில் ஆளுக்கொரு சாவி

பெங்குவின் சறுக்கும் கொம்பியூட்டர் விளையாட்டு உபுண்டுவில் வழுக்கிக்கொண்டு ஓடும்; பெடோராவில் கொஞ்சம் இழுக்கும். மன்னார்ப் பள்ளிமுனையில் இதை என்னைவிடத் திருத்தமாகச் சொல்லக்கூடியவர் இப்போது எவரும் இல்லை. ஒருவர் இருந்தார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் யாகப்பர். திருக்கை மீன் வாலால் அடித்து இடது கால் பெருவிரலின் நகம் போனதிலிருந்து கடலுக்குப் போவதில்லை. கரையில் இருப்பவனுக்கு நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், யாருடைய மகன் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினான், பங்குச் சுவாமி யாரைக் கூப்பிட்டு ஏசினார், எல்லாம் என்னிடம் வரும், என்னிடமிருந்து போகும். சிலர் இதைக் கோள் என்பார்கள். தபாலே ஒழுங்காக வராத ஊரில் இது ஒரு சேவை என்பது என் எண்ணம். ஒன்றைத் தெரிந்துகொண்டு சொல்லாமல் வைத்திருப்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. இதையும் அதனால்தான் சொல்கிறேன்.

என் வேலிக்கு அடுத்த பக்கம் அமிர்தநாயகத்தின் கொம்பியூட்டர் கடை. சமாதான காலத்தில் திறந்தது. சண்டை திரும்பவும் தொடங்கிய பிறகும் அவர் மூடவில்லை. கட்டாரிலும் கனடாவிலும் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் அங்கே வந்துதான் மின்னஞ்சல் பார்ப்பார்கள். முதலில் எல்லாவற்றிலும் விண்டோஸ்தான் இருந்தது. களவுப் பிரதி. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஊரே அப்படித்தான். ஒருவர் எழும்ப மற்றவர் இருப்பார். முன்னவர் திறந்த கடிதம் திரையில் அப்படியே கிடக்கும். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். கடைக்கு ஒரு காவலும் ஆகிறது அல்லவா?

திரேசம்மாவின் மகன் கட்டாரில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கட்டிக்கொண்டது அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. திரேசம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள் என்று அவன் அமிர்தநாயகத்துக்கு எழுதியிருந்தான். பக்குவம் பார்த்துக்கொண்டிருந்தால் செய்தி பழசாகிவிடும். நான் மீன் சந்தையில் இரண்டே பேரிடம்தான் சொன்னேன். திரேசம்மா மீன் கூடையைச் சந்தையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து கடை வாசலில் இருந்து அழுதாள். அமிர்தநாயகம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த கிழமை கடையில் விண்டோஸ் இல்லை.

"வைரஸ் தொல்லை, அண்ணை," என்றார். "இது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலா ஓடுறது. உபுண்டு எண்டு பேர். வெளிநாட்டிலயிருந்து தபாலிலயே சீடி அனுப்பியிருக்கிறாங்கள், சும்மா."

"சும்மா தாறவன் என்னத்தையோ எதிர்பார்ப்பானே?"

"ஓம், எதிர்பார்க்கிறான். நாங்களும் நாலு பேருக்குச் சும்மா குடுக்க வேணுமாம்." பிறகு, என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி, "இதில ஒரு நல்ல வசதி இருக்கு. கொம்பியூட்டருக்குள்ளயே ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு சாவி, அதாவது ரகசியச் சொல். ஒருத்தற்ற வீட்டுக்குள்ள மற்றவை எட்டிப் பாக்கேலாது," என்றார்.

திரேசம்மாவுக்கும் ஒரு வீடு கிடைத்தது. அவள் மகனுக்குப் பதில் சொல்லச் சொல்ல, அமிர்தநாயகம் திரையை என் பக்கமிருந்து திருப்பி வைத்துக்கொண்டு தட்டினார். கிழவியும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். எனக்கும் ஒரு வீடு தந்தார், விருந்தாளி என்று பெயர் போட்டு. அதற்குள் கடிதம் கிடிதம் ஒன்றும் இல்லை. ஒரு பெங்குவின் மட்டும்.

அந்தப் பெங்குவின் பனி மலையில் வயிற்றால் சறுக்கிக்கொண்டு போகும், வழியில் மீன் கிடக்கும், பொறுக்க வேண்டும். கடலும் இல்லை, வலையும் இல்லை, மலையில் மீன். எங்கள் ஊரில் ஒரு குழந்தைகூட நம்பாது. நாங்கள் ஐஸ் பார்த்தது மீன் பெட்டிக்குள்தான். என்றாலும் விளையாடினேன். விளையாடும்போது என் இடது கால் தன்பாட்டில் தரையைத் தட்டும்.

"அண்ணை, காலால ஓடாதேங்கோ, விரலால ஓட்டுங்கோ," என்பார் அமிர்தநாயகம். "அந்த மொட்டை விரல் சீமெந்தைக் கிண்டிப்போடும்."

கடை முழுதும் சிரிக்கும். நானும் சிரிப்பேன். நான் கோபக்காரன் அல்ல.

மாலையில் வஸீர் வருவார். புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, சமாதானத்தோடு ஊர் திரும்பிப் பசாரில் போன் திருத்தும் கடை போட்டவர். அவர் பெடோராக்காரர்; அது லினக்ஸில் இன்னொரு சாதி. இருவருக்கும் அது ஒரு மதம் மாதிரி. சொந்த மதத்துக்குக்கூட அவர்கள் அப்படி வாதாடி நான் பார்த்ததில்லை.

"உங்கட உபுண்டு பச்சைப்பிள்ளைக்குச் சரி. எல்லாத்தையும் கரைச்சு ஊட்டிவிடும்," என்பார் வஸீர்.

"உங்கட பெடோராவில ஒரு பாட்டுக் கேக்க ஊர்ப்பட்ட பொதி தேடி இறக்க வேணும். மன்னார் லைனில அது இறங்கி முடியிறதுக்குள்ள பாடினவன் செத்துப்போவான்."

ஊரும் இரண்டு கட்சியாகிவிட்டது. உபுண்டு என்றால் என்ன, பெடோரா என்றால் என்ன என்று தெரியாதவர்கள்தான் கூடச் சத்தம் போட்டார்கள். கடைசியில் போட்டி வைப்பதென்று முடிவாயிற்று. ஒரே கொம்பியூட்டரில் பாதியில் உபுண்டு, பாதியில் பெடோரா. விண்டோஸுக்காகச் செய்த கிரிக்கெட் விளையாட்டு ஒன்றை இரண்டிலும் ஓடவிட வேண்டும். அதற்கு நடுவில் வைன் என்று ஒரு சாமான் போட வேண்டுமாம்.

"பேரைப் பாருங்கோ," என்றார் வஸீர். "நான் தொடமாட்டன். நீங்களே ஊத்துங்கோ, அமிர்தம்."

உபுண்டுவில் ஆட்டக்காரர்கள் நன்றாக ஓடினார்கள், பந்தைத்தான் காணவில்லை. பெடோராவில் பந்து இருந்தது. ஆட்டக்காரர் ஒருவருக்கும் தலை இல்லை. நடுவர் நான். தலை இல்லாதவன் அடிப்பதைவிடப் பந்து இல்லாமல் அடிப்பது மேல் என்று உபுண்டுவுக்குத் தீர்ப்புச் சொன்னேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமிர்தநாயகத்தின் மேல் எனக்குப் பகை இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா?

பெடோராவிலும் சாவி உண்டு. ஆனால் வஸீர் மனம் திறந்த மனிதர். பள்ளியில் பாங்கு சொன்னால் கொம்பியூட்டரைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டுத் தொழப் போவார். அமிர்தநாயகம் அப்படி அல்ல. தேத்தண்ணி குடிக்க எழும்பினாலும் பூட்டிவிட்டுத்தான் எழும்புவார்.

மெல்ல மெல்ல என் வேலிக்கு ஆட்கள் வருவது குறைந்தது. "என்ன யாகப்பர், ஊர்ப் புதினம்?" என்று கேட்ட ஊர், "என்ன யாகப்பர், பெங்குவின் எவ்வளவு தூரம் ஓடுது?" என்று கேட்கத் தொடங்கியது. கோயில் வாசலிலும் கேட்டார்கள். பகிடிதான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிரஷர் மருந்து எடுக்க முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் இராணுவ முகாமில் பாஸ் எடுக்க வேண்டும். அங்கே ஓர் அதிகாரி, பெரியவர் என்போம், ஓரளவு தமிழ் பேசுவார். "ஐயா, உங்க பக்கத்து கடை, கொம்பியூட்டர் கடை, உள்ளே என்ன நடக்குது?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். "தெரியாது," என்றேன்.

"பொய். நீங்க எல்லாம் தெரிஞ்ச ஆள். ஊரே சொல்லுது."

அந்த நல்ல பெயருக்கு முன்னால் நான் வெறும் ஆளாக நின்றேன். அடித்தார்களா என்று நீங்கள் கேட்கக்கூடும். இல்லை. கதிரை தந்தார்கள். பிளேன்ரீ தந்தார்கள், பால் இல்லாமல், சீனி தூக்கலாக. ஓர் உதவி கேட்டார்கள். மரியாதையாகக் கேட்டார்கள்.

சுற்றிவளைப்பு நடந்தால் ஆண்கள் எல்லாரையும் மைதானத்துக்கு வரச் சொல்வார்கள். ஒருவர் பின் ஒருவராக நடக்க விடுவார்கள். முன்னால் ஒருவர் தலையில் சாக்குப் போட்டபடி இருப்பார். அவர் தலையாட்டினால், அப்போது முன்னால் நிற்பவரை வரிசையிலிருந்து பிரித்து டிரக்கில் ஏற்றுவார்கள். தலையாட்டி என்று அவரைச் சொல்வோம். அன்று தலையாட்டி நான்.

சாக்கில் இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். என் வேலியிலும் அப்படித்தான், எனக்கு அது புதிதல்ல. கொஞ்சம் கோதுமை மா வாசம் வந்தது, அவ்வளவுதான். ஒவ்வொருவராக வந்தார்கள். என்னைப் பகிடி பண்ணியவர்களும் வந்தார்கள். நான் அசையவில்லை, அற்ப விஷயத்துக்கு ஆளைக் காட்டிக் கொடுப்பவன் அல்ல நான். வஸீர் வந்தார். கழுத்தைத் தூண் மாதிரி வைத்திருந்தேன். கொம்பியூட்டரைத் திறந்து வைப்பவர்மேல் எனக்கு என்ன சந்தேகம்?

பிறகு அமிர்தநாயகம். மற்றவர்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தார். குனிந்ததால் என் கால் கண்ணில் பட்டது. அது தன்பாட்டில் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. நகமில்லாத விரலைப் பார்த்தார். நிமிர்ந்து சாக்கின் ஓட்டைகளைப் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த பயம் அப்படியே இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்தானே என்று மூச்சு விட்டிருக்க வேண்டும். 'அண்ணை' என்று உதடு அசைந்ததுபோல இருந்தது. சின்னதாக ஒரு சிரிப்பும்.

நான் யோசித்தது இதுதான்: கொண்டுபோனால் சாவிகளைக் கேட்பார்கள். சொல்லிவிடுவார், விபரமான மனிதர். வீடுகளைத் திறந்து பார்ப்பார்கள். ஒன்றும் இராது. இரண்டு நாளில் அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பிளேன்ரீ தந்தவர்கள், உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லமாட்டார்களா?

தலையாட்டினேன். ஒரே தடவைதான். பெரிதாகக்கூட ஆட்டவில்லை.

கடையிலிருந்த கொம்பியூட்டர்களையும் அன்றே ஏற்றிக்கொண்டு போனார்கள். அமிர்தநாயகத்தின் மனைவி அன்ரோனெற் முகாம் வாசலில் கிடையாகக் கிடந்தாள். அப்படி ஓர் ஆளை நாங்கள் பிடிக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வஸீர் கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் புத்தளத்துக்குப் போனார். போகுமுன் தன் கொம்பியூட்டரை அன்ரோனெற்றிடம் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பெடோராவை அழித்து உபுண்டு போட்டிருந்தார். "அமிர்தம் வந்து பாத்தால் சிரிப்பார், தங்கச்சி. வஸீர் தோத்துப்போனான் எண்டு சொல்லுங்கோ," என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இப்போது என் வேலிக்குத் திரும்பவும் ஆள் வருகிறது. ஒவ்வொரு நாளும் அன்ரோனெற் வருகிறாள். "அண்ணை, உங்களுக்கு எல்லாம் தெரியவருமே, ஏதும் புதினம்?" என்று கேட்கிறாள். வெறும் கையோடு அனுப்ப மனம் வருவதில்லை. தெற்கில் ஒரு முகாமில் அவரைக் கண்ட ஆள் இருக்கிறாராம் என்பேன். தாடி வளர்ந்திருக்காம், மெலிஞ்சு போனாராம், உன்னைக் கேட்டவராம் என்பேன். அவள் முகம் தெளியும். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவாள். அந்தக் கொம்பியூட்டரில் என்னை விளையாடவும் விடுகிறாள். இப்போது நான் ஒரு மீனையும் தவற விடுவதில்லை.

அந்த வீடுகளுக்குள் என்ன இருந்ததென்று முகாமில் போய்க் கேட்டும் பார்த்தேன். பழைய பெரியவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் கதிரை தருவதில்லை.

புருஷன் எங்கே என்று அன்ரோனெற்றுக்குக் கவலை. மனுஷர் என்றால் ஆளுக்கொரு கவலை இருக்கத்தானே செய்யும்? எனக்கும் இருக்கிறது. திரேசம்மா மகனுக்கு என்ன பதில் எழுதினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.