குரோட்டன் கொப்பும் நோர்வேப் பனியும்

குரோட்டனோ? ஐயோ ஐயா, சிரிக்காமல் என்ன செய்யச் சொல்லுறியள்? ஈரச் சாக்கில சுத்தி, வாழைத்தடலில வைச்சுக் கட்டி, நோர்வேக்குப் பிளேனில போற ஆளிட்டக் குடுத்தும் விட்டிட்டியளோ? இன்னும் இல்லையோ? நல்ல காலம். கொண்டுபோய் உங்கட வாசல் படலையடியில நடுங்கோ. ஆடும் தின்னாது. நோர்வேக் குளிரில அது ஒரு நாள் நிண்டால், அடுத்த நாள் வதக்கின கீரை மாதிரித் தொங்கும். இலை சிவப்பெண்டால் எல்லாம் ஒண்டோ?

எழும்பாதேங்கோ, இருங்கோ. கதிரையைத் துடைச்சுத்தான் போட்டனான். இரணைமடுத் தண்ணியில அறுபது ஏக்கர் விதைக்கிற அப்புத்துரை ஐயா, மாயாண்டின்ட கொட்டிலுக்கு வந்திருக்கிறார். பரந்தன் சந்தியில இண்டைக்கு வேற கதை இருக்காது.

இலட்சுமி, கொப்பியும் பேனையும் கொண்டு வா பிள்ளை. ஓம், என்ட மகள்தான். ஏ எல் வரைக்கும் படிச்சவள். மலையகத்தில இருந்து வந்த தோட்டக்காட்டான்ட பிள்ளைக்கு இங்கிலீசு எழுத வருமோ எண்டு பாக்கிறியள் என்ன? வரும்.

மகன் எழுதின அந்தக் கடிதத்தைத் தாங்கோ. ம். உங்கட செல்வராசா நோர்வேயில தோட்டவேலை செய்யிற வீட்டுக் கிழவிக்கு, பனிக்குள்ளயும் சாகாத, இலை கொட்ட முதல் சிவந்து நிக்கிற செடியள் வேணுமாம். உங்கட மகன் என்ன செய்தவர்? எனக்கு எல்லாம் தெரியும், என்ட அப்பா பெரிய கமக்காரன் எண்டு வாயை விட்டிட்டார். இப்ப தெரிஞ்செடுத்துச் சொல்லாட்டி வேலையும் போச்சு, கிழவி கையெழுத்து வைக்க வேண்டிய விசாக் கடுதாசியும் போச்சு. பிறகு திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். இந்த எண்பத்தாறாம் ஆண்டில இளந்தாரித் தமிழ்ப் பெடியன் ஒருத்தன் கட்டுநாயக்கா எயார்போட்டில வந்து இறங்கினால் ஆமிக்காரன் என்ன செய்வான்? உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இஞ்ச பாருங்கோ, கீழ என்ன எழுதியிருக்கிறார் எண்டு. குளிருக்கு முதல் கெதியா வளர யூரியா போட்டவராம்! அட சீ! அது என்ன வயலே? செப்டம்பரில யூரியா போட்டால் செடி பச்சையாத்தான் நிக்கும், சிவக்காது. இளந்தளிர் விடும், முதல் பனிக்கே கருகிப் போகும். கெட்டிக்காரன். தகப்பன் மாதிரியே.

கோவிக்காதேங்கோ. இருபது வருசம் நுவரெலியாவில பங்களாத் தோட்டம் பாத்தவன் நான். அங்க ஜனவரியில விடியப் பாத்தால் புல்லு வெள்ளையா விறைச்சுக் கிடக்கும். பங்களாவில இருந்த வெள்ளைக்காரத் துரைசாணி தன்ட ஊர் ஞாபகத்தில பன்னிரண்டு சாதிச் செடி கப்பலில எடுப்பிச்சவ. ஒன்பது செத்துப் போச்சு. ஏன் செத்தது எண்டு அவவுக்கு விளங்கேல்லை. எனக்கு விளங்கினது. எல்லாம் கண்ணாடி வீட்டுக்குள்ள, சூட்டில வளத்த செடி. வெளியில ஒரு குளிர்காலமாவது நிண்ட செடியை வாங்க வேணும். கொப்பு நுனியில மொட்டை அமத்திப் பாக்க வேணும், இறுகி இருக்க வேணும். எழுது பிள்ளை.

முதல் பார்பெரி. முள்ளிருக்கும், மான் கிட்ட வராது. ரெண்டாவது யூவோனிமஸ். அதுதான் ரத்தச் சிவப்பு. வெயில் படுற இடத்தில நடச் சொல்லு, நிழலில நிண்டால் வெளிறிப் போகும். மூண்டாவது சூமாக். அது வேரால ஓடிப் பரவும், வேலியோரம் வைக்கச் சொல்லு. யூரியாச் சாக்கைக் கண்ணிலயும் காட்டக் கூடாது எண்டு பெரிசா எழுது. கீழ கோடும் போடு.

என்ன ஐயா, வேர்க்குதோ? எழுபத்தேழுக் கலவரத்தில அடி வாங்கிக்கொண்டு குடும்பத்தோட இஞ்ச வந்து, உங்கட வயலிலதான் முதல் புல்லுப் பிடுங்கினனான். உங்கட குசினிக்குப் பின்னால நிக்க வைச்சு சிரட்டையிலதான் தேத்தண்ணி தந்தவியள். நான் செடியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதுக்கு, தேயிலை பிடுங்கினவனுக்கு என்ன தெரியும் எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டனியள். மறந்திருப்பியள். எனக்கு இண்டைக்கும் வயிறு எரியுது.

பிறகேன் இவ்வளவு அக்கறையாச் சொல்லுறனோ? உங்களிலயோ? மருந்துக்கும் இல்லை. உங்கட மகனிலயும் பெரிசா இல்லை. அவர் நேர இலட்சுமிக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். மாசம் ரெண்டு கடிதம் அவளுக்குத்தானே எழுதுறவர். ஓம், உங்கட காதில சரியாத்தான் விழுந்தது. இலட்சுமிக்குத்தான். தகப்பனுக்குச் சொல்ல நெஞ்சில துணிவில்லை. மாயாண்டியிட்டச் செடி கேளுங்கோ எண்டு உங்களை இஞ்ச அனுப்பிப்போட்டு, சொல்லுற வேலையை என்ட தலையில கட்டியிருக்கிறார். கோழை. ஆனால் அந்த விசா அவருக்குக் கட்டாயம் கிடைக்க வேணும். கிடைச்சால்தான் பெண்சாதியைக் கூப்பிடலாம்.

பெண்சாதிதான். அவர் போறதுக்கு முதல் மாசம் வவுனியாவில வைச்சு ரெண்டு பேருக்கும் கலியாண எழுத்து முடிஞ்சது. சாட்சிக்கு நான் நிண்டனான். பிள்ளை, எழுதி முடிஞ்சால் குடு. நீயே குடு, மாமாதானே.

இந்தாருங்கோ. நாளைக்கே தபாலில போட்டுவிடுங்கோ, சம்பந்தி.