மாமாவுக்குச் சிங்கமுகம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர். நாடகம் படிக்கிற பையன்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"நாளைக்கு எங்க மாமா என் வயித்தக் கிழிக்கப் போறாருடா" என்றான் ஜன்னலோரம் இருந்தவன்.

"என்னடா சொல்ற?"

"ஊர்த் திருவிழா நாடகத்துல நான் அசுரன். மாமா சிங்கமுகம் கட்டுறாரு. முகத்தக் கட்டுனதும் நெசமாவே சாமி வந்துரும்."

"காலேஜ்ல சார் சொன்னாருல்ல? எதிர்ல நிக்கிறவன் கண்ணப் பாரு, பயம் போயிரும்னு."

"அங்க எதிர்ல நிக்கிறது நீ. சார் போதும்னா நிறுத்திருவ. மாமாவ யாரு நிறுத்துறது?"

"அப்ப ஆடலைன்னு சொல்லிரு."

"காப்பு கட்டியாச்சுடா. இனிமே மாட்டேன்னா சாமிக் குத்தம். மாமா இடுப்புல கயிறு கட்டி நாலு பேரு புடிச்சுக்குவாங்க. அதுல ஒருத்தரு எங்கப்பா."

நண்பன் சிரித்துவிட்டான். "பெத்த அப்பனே புடிக்கிறாரு, அப்புறம் என்ன மாப்ள பயம்?"

"போன வருசம் பாதியில எங்கப்பாவுக்கும் சாமி வந்துருச்சு. கயித்த வுட்டுட்டாரு."

சிரிப்பு நின்றது.

"போன வருசம் அசுரன் ஆடுனது யாரு?"

"எங்க சித்தப்பா. இந்த வருசம் ஊருக்கே வரமாட்டேன்னுட்டாரு. அதான் என்னையக் கூப்புட்டாங்க."