டேங்க் மேல் ஒரு சின்னப் பை

பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் கட்டுகிற டேங்க் பை வாங்குகிறவர்கள் செய்கிற தப்பு ஒன்றுதான், சார். வண்டியை நேராக நிறுத்தி, பையை மேலே வைத்துப் பார்த்து, கச்சிதம் என்று கிளம்பிவிடுவார்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்க்க வேண்டும். நான் வண்டி சீட் தைக்கிறவன். ஒடித்துக் காட்டாமல் யாரையும் அனுப்பியதில்லை.

மாப்பிள்ளையும் டேங்க் பை வாங்கத்தான் வந்தார். என் தங்கை புருஷன். போன வருஷம் அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு மலைப் பாதையில் விரட்டிப் போய் விழுந்தார். அவளுக்கு இடுப்பு எலும்பு நொறுங்கியது. இவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? “நல்லவேளை மச்சான், வண்டிக்கு ஒண்ணும் ஆகல.”

அப்போதே ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். விடவில்லை. தங்கை ஊன்றுகோல் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகு பேச்செடுத்தேன். “அவரை ஒண்ணும் சொல்லாதண்ணா. வேணும்னா செஞ்சாரு?” என்று வக்காலத்து வாங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேலும்தான்.

இப்போது மறுபடியும் டூர். அதே வண்டி, அதே மலை. சீட்டியடித்துக்கொண்டே கடைக்குள் நுழைகிறார். “சின்னதா ஒரு டேங்க் பை பாத்துக் குடுங்க மச்சான். போன், தண்ணி, மழைக்கோட்டு, அவ்வளவுதான். பெருசா இருந்தா ஹேண்டில் இடிக்கும்ல?”

விவரம் தெரிந்தவர். இருப்பதிலேயே சின்னதாக எடுத்து, அவர் கண் முன்னாலேயே ஒடித்துக் காட்டினேன். இடிக்கவில்லை. “வார் லூசா இருக்கு மாப்ள, தச்சு வைக்கிறேன், நாளைக்கு வாங்க” என்றேன். அவர் போனதும் முன்பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே கனமான பலகை ஒன்றை ஹேண்டில் பக்கம் துருத்தும்படி நிறுத்தி மூடித் தைத்தேன். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. கொண்டை ஊசி வளைவில்தான் ஹேண்டில் பாதியில் நிற்கும்.

அப்படியே நின்றது. வண்டி பள்ளத்தில் இறங்கியது. அவர் புதரில் விழுந்து பிழைத்துக்கொண்டார், இந்தத் தடவையும் சிராய்ப்போடு. பின்னால் இருந்த தங்கை பிழைக்கவில்லை.

நான் குறி வைத்தது அவரை மட்டும்தான். அவளையும் ஏற்றிப் போவார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்பது நியாயம்தான். தனியாகப் போகிறவன் பெரிய பையைப் பின்சீட்டில் கட்டிக்கொள்வான், பின்னால் ஆள் இருக்கிறவன்தான் டேங்க் மேல் சின்னப் பை தேடுவான், தொழில்காரனுக்கு இது தெரியாதா என்கிறீர்கள். தெரியும் சார். அன்றைக்குத் தோன்றவில்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

பையோடு பின்சீட்டுக்குச் சாய்மானம் ஒன்றும் கேட்டிருந்தார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஞ்சு கூடுதலாக வைத்து மெத்தென்று தைத்துக் கொடுத்தேன். ஊன்றுகோலைச் செருகிக்கொள்ள ஓரத்தில் ஒரு வாரும் வைத்தேன்.