அண்ணன் கேட்ட பெட்டி

வெள்ளிக்கிழமை நகம் வெட்டும்போது வலது கட்டைவிரலை மட்டும் விட்டுவிடுவேன். பொம்மைக் கட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் பிரித்தெடுக்க நகம்தான் வேண்டும். "பேய் மாதிரி ஒத்த நகத்த வளக்குறீகளே, பாக்குறவுக என்ன நெனப்பாக" என்று என் மனைவி ஜெய்த்தூன் பீவி திட்டுவாள்.

எனக்குத் தேனியில் பேன்சி கடை. கடைக்கு மேலே உள்ள அறையில் நானும் ஞானதுரை அண்ணனும் பதினொரு வருஷமாகப் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி ரயில் கட்டினோம். அண்ணன் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்; வீடு பழனிசெட்டிபட்டியில். கட்டைகள் எல்லாம் அவருடையவை, சிங்கப்பூரில் இருக்கும் மச்சினர் அனுப்பியவை. இடமும் டீயும் என் பங்கு. ஒரு வண்டி முடிந்ததும் இருவரும் மண்டி போட்டு, கண்ணை மேசை மட்டத்துக்கு வைத்துப் பார்ப்போம். ஜன்னல் வரிசை கோணாமல் இருந்தால் அண்ணன் "ம்" என்பார். அந்த ஒரு "ம்" கிடைக்க நான் மாதக்கணக்கில் உழைத்திருக்கிறேன்.

ரயில் பெட்டியைப் பெட்டி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "ஏலே முகைதீன், பெட்டி ஊருக்குப் போறவன் கையில இருக்கும். இது கோச்சு." அந்த அறையில் அவர் பெட்டி என்று சொன்னது ஒன்றே ஒன்றைத்தான். வெள்ளைக் கட்டைகளால் தீப்பெட்டி அளவில் அவரே செய்தது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அதில் இருக்கும்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். கட்டி முடித்த வண்டியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலைத்துவிட வேண்டும். கலைத்தால்தான் அடுத்த வண்டிக்குக் கட்டை. பதினொரு வருஷமும் நான் மறுத்துப் பேசியதில்லை.

இரண்டாயிரத்துப் பத்தில், தேனி வழியாக ஓடும் போடி வண்டியைக் கட்டினோம். அகலப் பாதை போடுவதற்காக வருஷக் கடைசியில் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தப் போவதாகப் பேச்சு. என்ஜினும் ஆறு கோச்சும், அத்தனையும் நீலம். அப்படி ஒரு வண்டி எங்கள் கையில் அதுவரை அமைந்ததில்லை. அண்ணன் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, சர்ச்சுக்குப் போய்விட்டு மதியம் வந்தார். நான் கெஞ்சினேன்.

"இத மட்டும் விட்ருவோம்ண்ணே. நெச வண்டியே நிக்கப் போகுது."

"நெசமே நெலைக்காதாம், பொம்மை நெலைக்கணுமாக்கும்? போலே, கிறுக்கா."

சிரித்துக்கொண்டே கடைசிக் கோச்சின் கூரையில் நகம் வைத்தார். நாலைந்து கட்டை கழன்றிருக்கும். சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். முகம் வேர்த்துவிட்டது. மேசையின் என் பக்கத்து மூலையை நோக்கி விரலை நீட்டினார்.

"பெட்டி... முகைதீன், பெட்டிய எடு."

நான் கடைசிக் கோச்சை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

எல்லாரிடமும் இதைத்தான் சொன்னேன். பெட்டி கேட்டார், ரயில் பெட்டி என்று நினைத்துவிட்டேன், அப்புறம் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஆட்டோ பிடித்துப் போவதற்குள் முடிந்துவிட்டது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "பாய் பாவம், ஆடிப்போயிட்டாரு" என்றார்கள்.

அண்ணன் மனைவி விஜி மதினி அந்தக் கோச்சை வாங்கிச் சவப்பெட்டிக்குள் அவர் கைக்கு அடியில் வைத்தார். "கடைசியா அவுக கேட்டது இதத்தான" என்று சொன்னபோது கல்லறைத் தோட்டமே அழுதது. நானும் அழுதேன். அந்த நீலத்தில் இனிமேல் கட்டை கிடைக்காதே, வண்டி ஒரு கோச் குறைந்துபோயிற்றே என்று அழுதேன். இதைச் சொல்ல நாக் கூசுகிறது.

மீதி வண்டியை மதினி எனக்கே கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் கழித்துப் போன வாரம் அதைப் பார்க்க வந்தார்.

"ஒன்னு கேக்கணும் முகைதீன். அவுக பெட்டின்னா கேட்டாக? ரயிலப் பெட்டின்னு சொன்னா எங்கிட்டயே சண்டைக்கு வருவாகளே."

"வலியில வாய் குழறிருச்சு மதினி."

"இருக்கும்" என்றார். சேலைத் தலைப்பால் என்ஜினைத் துடைத்துவிட்டுப் போனார்.

குழறவில்லை, மதினி. கோச்சை மடியில் வைத்ததும் அண்ணன் தலையை ஆட்டி, இன்னொரு தடவை "பெட்டி" என்றார். வெள்ளைப் பெட்டி என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கை ஓடவில்லை என்று சொன்னதும் பொய். நன்றாகவே ஓடியது. அவர் மடியில் இருந்த கோச்சைத் திரும்ப எடுத்து, கழற்றிய கட்டைகளை ஒவ்வொன்றாகக் கூரையில் பொருத்தினேன். ஒன்று கோணலாக உட்கார்ந்துவிட்டது. அதை இந்த நகத்தால்தான் பெயர்த்து, நேராக்கி, மறுபடி அழுத்தினேன். அதுவரை அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.