தானாகச் சாத்திக்கொள்ளும் கேட்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கள் ரிங்லெட் ஊரில் பாதி வீட்டு கேட், தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு வேலி, எனக்கென்று ஒரு கல்வீடு, எல்லாம் இந்தக் கை செய்தது. நேற்று பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சர்ச்சுக்குப் பின்னால எங்க வீட்டு கேட்டு தானா சாத்திக்குதுக்கா. பேய் இல்ல லா, கோலா தெர்லா ஊரு வெல்டிங் தம்பி கைராசி."

"தூணும் அவன் நட்டதா?"

"அது பழசு. எந்தக் கிழவன் நட்டானோ, சாஞ்சிருக்கு. பாவம், அதுலயே தம்பி மாட்டிக் குடுத்துச்சு."

"எங்க வீட்டுக்கும் அவனையே வரச் சொல்லு."

கேட் தானாகச் சாத்திக்கொள்ளட்டும் என்றுதான் அந்தத் தூணை அன்று ஒரு விரல் அளவு சாய்த்து நட்டேன். கேட்டுக்கு அவன் பெயரைச் சொல்லுங்கள். சாய்வுக்கு என் பெயரைச் சொல்லியாக வேண்டும்.